நாலாவது மாடிக்கு வந்த நாய்

"காசு கொடுத்து நாய் வாங்கப் போயிருக்காரா உன் வீட்டுக்காரர்?"

கதவைத் திறந்ததுமே அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தங்கை அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. நர்ஸ் உடையைக்கூட மாற்றவில்லை. கால் இரண்டும் மரக்கட்டையாகக் கனத்தன.

"உள்ள வாக்கா. உனக்கு யார் சொன்னா?"

"உன் பொண்ணுதான். 'குட்டி வாங்கப் போறோம் பெரியம்மா'ன்னு போன்ல ஒரே குதி. நான் அங்க காப்பகத்துல அறுபது நாயை வச்சுக்கிட்டு, யாராவது ஒண்ணைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்களான்னு வாசலைப் பாத்துட்டு இருக்கேன். என் கூடப் பிறந்தவ வீட்டுலயே விலைக்கு வாங்குறாங்க. கேவலமா இல்ல?"

அக்காவின் சட்டையில் ஃபினாயில் வாடை. இரண்டு கையிலும் நகக்கீறல்கள். அவளும் வேலை முடிந்து நேராக இங்கேதான் வந்திருக்கிறாள்.

தங்கை நாற்காலியில் சரிந்தாள்.

"உன் காப்பகத்துலதானே முதல்ல கேட்டோம்? மூணு தடவை விண்ணப்பம் எழுதினோம். ஆள் வந்து பால்கனிச் சுவரைக்கூட அளந்துட்டுப் போனாங்க. கடைசியில 'பகல்ல வீட்டுல யாரும் இல்ல, தர முடியாது'ன்னுட்டீங்க."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். தங்கச்சின்னு தளர்த்தினா நாளைக்கு என்னை யாரு மதிப்பா?"

"நாலு மணிக்கு என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்துடுறா. அவர் பஸ் ஓட்டி, டிப்போவுல விட்டுட்டு ஆறு மணிக்கு வர்றார். அந்த ரெண்டு மணி நேரமும் அவ டிவி முன்னாடி தனியா உட்கார்ந்திருக்கா. அதுக்குத்தான் நாய் கேட்டா."

"இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"எட்டு மாசம் பொறுத்தாச்சுக்கா."

அக்காவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சண்டை போடக்கூட இருவரிடமும் தெம்பு இல்லை.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. நாலு மாடி ஏற வேண்டிய கட்டடம். லிஃப்ட் ஓடி வருஷக்கணக்கானது. காலடிச் சத்தம் கொஞ்சம் ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. மறுபடி நின்றது.

"ஒரு குட்டியைத் தூக்கிட்டு வர இவ்வளவு நேரமா?" என்று அக்கா முனகினாள். எழுந்து நின்று, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டாள்.

கதவு திறந்தது. முதலில் மகள். அடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு கணவன். அவன் கையில் குட்டி இல்லை.

பின்னாலேயே ஒரு பெரிய பழுப்பு நாய் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து உள்ளே வந்தது. முகமெல்லாம் நரை. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. வயிறு தொங்கி, காம்புகள் நீண்டு துவண்டிருந்தன. நடு அறை வரை வந்து, அதற்கு மேல் முடியாமல் தொப்பென்று படுத்தது.

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

"இது குட்டிகளோட அம்மாவா?"

"ஆமா அண்ணி. குட்டி வாங்கத்தான் போனோம். நாலு இருந்துச்சு. எல்லாம் அழகுதான். இது பின்கட்டுல கூண்டுக்குள்ள இருந்துச்சு. இவ போய் அது பக்கத்துல உட்கார்ந்தவதான், எழுந்திருக்க மாட்டேன்னுட்டா."

மகள் நாயின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள். "குட்டிங்களைக் கேட்டு நிறைய பேர் வர்றாங்க பெரியம்மா. இதை யாருமே கேக்கலையாம்."

"எத்தனை ஈத்து?" என்று அக்கா அவனைக் கேட்டாள்.

"ஏழு. இனிமே ஈனாதாம். வயசு பத்தாச்சு. சும்மா வச்சு சோறு போட முடியாது, வேணும்னா கூட்டிட்டுப் போங்கன்னார் குட்டி விக்கிறவர். ஒரு பைசா வாங்கல."

"உங்க தலையில கட்டிட்டான்."

"கட்டினார். நாங்களும் தலையை நீட்டினோம்."

தங்கை அவ்வளவு அசதியிலும் சிரித்துவிட்டாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நாய் எழுந்திருக்காமல், படுத்தபடியே நக்கிக் குடித்தது.

அக்காவுக்குக் கோபம் அடங்கவில்லை. அது திரும்புவதற்கு வேறு ஆள் கிடைத்துவிட்டான்.

"ஏழு ஈத்து வாங்கிட்டு, கூண்டுல போட்டு வச்சிருக்கான் பாரு! வேண்டாம்னா எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே? நாங்க எதுக்கு இருக்கோம்?"

கணவன் மனைவியைப் பார்த்தான். சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினான்.

"போட்டாராம் அண்ணி. போன மாசம். உங்க காப்பகத்துக்குத்தான். பத்து வயசு நாயை யாரும் தத்தெடுக்க மாட்டாங்க, சாகுற வரைக்கும் ஒரு கூண்டு அடைபட்டுக் கிடக்கும், இடமில்லைன்னு யாரோ ஒரு அம்மா சொல்லிட்டு வச்சுட்டாங்களாம்."

"அதெப்படி அப்படிச் சொல்லலாம்?" தங்கைக்கு முகம் சிவந்தது. "யாருன்னு நாளைக்கே விசாரி, அக்கா. சும்மா விடாதே."

அக்கா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். நாய் தலையைத் தூக்கி, கீறல் விழுந்த அவள் கையை ஒருமுறை மோந்துவிட்டுப் பழையபடி படுத்துக்கொண்டது.

"விசாரிக்க வேண்டாம்" என்றாள் அக்கா. "அன்னைக்குப் போன் எடுத்தது நான்தான்."