ஏழாவது மருந்து

ஆறே ஆறு.

அவள் மறுபடி மேலிருந்து படித்தாள். தமயந்தி இன்னும் கடைக்கு வரவில்லை. இறக்கிய ஷட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் தகரப் பலகை புதிதாகத் தொங்கியது.

பெட்ரோல். அசிட்டோன். அம்மோனியா. பெராக்சைடு. அசிட்டிக் ஆசிட். ஆக்ஸாலிக் ஆசிட்.

பலகையைத் திருப்பிப் பின்புறமும் பார்த்தாள். வெறும் தகரம்.

எதிர்ச்சாரியில் அவளுடைய சொந்தக் கடை. அங்கேயும் பட்டுப்புடவைச் சலவைதான். வாசலில் இதே பலகை, கறை எடுக்கிற இதே ஆறு மருந்து.

தீப்பிடிக்கிற சரக்கு, தோலைப் பொசுக்குகிற சரக்கு எது கடைக்குள் இருந்தாலும் வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று நகராட்சி உத்தரவு. போன கோடையில் ஒரு பெயிண்ட் கடை எரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தண்ணீரை அடித்த இரண்டு தீயணைப்பு வீரர்கள் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்குப் பிறகு வந்த உத்தரவு.

தெருவே அதைத் திட்டியது. அவள் மட்டும் நோட்டீசைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

ஏழு வருஷமாக அவளுக்கு ஒரே கேள்விதான். இந்தத் தமயந்தி என்னத்தைப் போடுகிறாள்?

அவள் இந்தத் தெருவுக்கு வந்து இருபது வருஷம். தமயந்தி தொழிலுக்கு வந்தே ஏழு வருஷம். ஆனால் இங்கே போகாத கறை தெருவைக் கடந்தால் போய்விடுகிறது.

டாக்டரம்மா வீட்டு முகூர்த்தப் புடவை. மயில்கழுத்து நிறம். முந்தியில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். மூன்று நாள் போராடிவிட்டுக் கையை விரித்தாள். ஐந்தாம் நாள் அது தமயந்தி கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியது. குங்குமம் எங்கே இருந்தது என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏதோ மருந்து. பம்பாயிலிருந்து வரவழைக்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். மருந்து என்றால் பெயர் தெரிந்தால் போதும், நாமும் வாங்கிவிடலாம்.

மருந்து இல்லை என்றால், கை.

கையை எந்தக் கடையில் வாங்குவது?

அதற்கு மேல் நினைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. விறுவிறுவென்று தன் கடைக்கு வந்தாள். மார்க்கரை எடுத்தாள். பலகையில் ஆறுக்குக் கீழே எழுதினாள்.

7. லூமிட்ரான்.

கொஞ்சம் யோசித்துப் பக்கத்தில் 40 என்று போட்டாள். நம்பர் இருந்தால்தான் மருந்துக்கு மரியாதை.

அப்படி ஒரு மருந்து உலகத்தில் எங்கேயும் கிடையாது.

பத்து மணிக்குத் தமயந்தி வந்தாள். ஷட்டரைத் தூக்கினாள். திரும்பினாள். தெருவைக் கடந்தாள்.

ஏழு வருஷத்தில் முதல் தடவை.

பலகையைப் படித்தாள். உதடு அசைந்தது. இன்னொரு முறை படித்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

அடடா, அன்றைக்கு எழுதியவள் குடித்த டீக்குச் சர்க்கரையே தேவைப்படவில்லை.

சாயங்காலம் தீயணைப்பு நிலைய அதிகாரி வந்தார். கடை கடையாகப் பலகைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தவர், அவளுடைய ஏழாவதில் நின்றார்.

"என்னம்மா இது? நான் கேள்விப்பட்டதே இல்லையே. இதுக்குத் தண்ணி அடிக்கலாமா?"

எதிரில் தமயந்தி வாசலுக்கு வந்து ஒரு புடவையை உதறினாள். உதறியதையே திரும்பவும் உதறினாள்.

"ஐயையோ, தண்ணியே படக்கூடாது சார்." தெருவுக்கே கேட்கும்படி இவள் சொன்னாள். "அவ்வளவு பவரு."

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"அப்ப ஒரு தீ விபத்துன்னா எங்க ஆளுங்க உள்ள வர முடியாதும்மா. வெளிய நின்னு பக்கத்துக் கடைங்களத்தான் காப்பாத்துவோம். புரியுதா?"

கடைக்கு மேலே மாடியில்தான் அவள் குடியிருந்தாள்.

இல்லை சார், சும்மா எழுதினேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதிரில் உதறுகிற சத்தம் நின்றிருந்தது.

"எழுதிக்கங்க சார்."

எழுதிக்கொண்டார். பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துப் பலகையின் மூலையில் ஒட்டினார். வாளித் தண்ணீர்ப் படம். குறுக்கே ஒரு கோடு.

தெருவிலேயே அந்த ஸ்டிக்கர் அவளுக்கு மட்டும்தான். இறங்கி நின்று நாலு தடவை பார்த்தாள்.

மறுநாள் காலை மாடி ஜன்னலைத் திறந்தாள்.

தமயந்தி கடைப் பலகையில் ஒரு புது வரி. இங்கிருந்தே படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து.

7. லூமிட்ரான்-80.

மூலையில் ஸ்டிக்கருக்கு இடம் விட்டிருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

நாற்பதே கிடையாது. எண்பது எங்கிருந்து வரும்? பொய். பச்சைப் பொய். அது தன்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

எதிர்க் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டு தொங்கியது. போன வாரம் இவள், கறை போகாது என்று திருப்பிக் கொடுத்தது. இடுப்பு மடிப்பு முழுக்கப் பீரோத் துரு இருந்தது.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினாள். ஒரு பொட்டுத் துரு இல்லை.

படியிறங்கிக் கடைக்கு வந்தாள். மருந்து வாங்குகிற கெமிக்கல் கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, லூமிட்ரான் எண்பது இருக்கா?"