மலர்வளையம் வேண்டாம்

நீ நம்பாட்டிப் போ. உண்டியல்ல காசு போடாதவ நெஞ்சுல ஈரமில்லாதவன்னு நீ இப்போ சொல்றே. இதையேதான் எங்க ஊர் யகொதாவும் சொன்னா, அதுவும் கல்லறைத் தோட்டத்துல குழி பக்கத்துல நின்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி.

ஷிமுன் தாத்தா செத்தப்போ ஒட்டின நோட்டீஸ்லயே போட்டிருந்தாங்க: 'மலர்வளையம் வேண்டாம். அந்தக் காசை ஆட்டிசம் ஆராய்ச்சி நிதிக்குப் போடுங்க.' அவர் பேரன் ரோகோவுக்கு ஆட்டிசம். எட்டு வயசு, பேச்சு வரல.

குரோஷியாவுல மத்த ஊர்ல எப்படியோ, எங்க தீவுல மலர்வளையம்னா ரிப்பன்ல கொடுத்தவன் பேர் இருக்கணும். ஒரு தடவை மீன்காரன் யூரே, தன் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு சவப்பெட்டியைக் குழியில இறக்கவே விடாம பூக்காரியோட மல்லுக்கு நின்னான். பாதிரியார் மழையில நனைஞ்சதுதான் மிச்சம். அது கிடக்கட்டும்.

உண்டியல்ல ஏது ரிப்பன்? ஒவ்வொருத்தரும் நோட்டை நல்லா விரிச்சுப் பிடிச்சு, யகொதா பார்த்தாளான்னு பார்த்துட்டுத்தான் உள்ள விட்டாங்க. ஷிமுன் தாத்தாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, அவதான் உண்டியலைப் பிடிச்சுட்டு நின்னா.

"ஊரே வந்தாச்சு, இந்தப் பெரினாவைக் காணோமே. வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு அந்த மனுஷன்தான் அவளுக்கு விறகு பிளந்து போட்டாரு. காசு போட வேண்டி வரும்னு வீட்டுலயே உக்காந்துட்டா."

"முழங்கால் வலியா இருக்கும்"னு சொன்னார் ஒருத்தர்.

"காலையில கோழியைத் துரத்திட்டு ஓடினாளே, அப்போ வலிக்கலையாக்கும்."

நாலு பேர் சிரிப்பை அடக்கிக்கிட்டாங்க. குழியில மண்ணு விழுந்துட்டிருந்துச்சு. ஷிமுன் தாத்தாவோட மக, ரோகோவோட அம்மா மிர்யானா, தன் அப்பாவோட பெட்டியையே பார்த்துட்டு நின்னா. காதுல விழுந்திருக்கும்.

அப்புறம் கோயில் கூடத்துல சாவுச் சாப்பாடு. நடுவுல மிர்யானா ஒரு தூக்குல சூப்பை ஊத்திக் கொண்டுவந்தா.

"யகொதா அக்கா, இதை எங்க வீட்டுல கொடுத்துட்டு வர்றீங்களா? வந்தவங்களை விட்டுட்டு என்னால நகர முடியல."

யகொதா போய்க் கதவைத் தட்டினா. திறந்தது பெரினா.

கறுப்பு உடுத்தி, அடக்கத்துக்குப் புறப்பட்ட கோலம். கன்னத்துல நகக்கீறல். சட்டைக் கை கிழிஞ்சு தொங்குது. பின்னால மேசைக்கு அடியில ரோகோ, காதைப் பொத்திட்டுக் குறுகி உக்காந்திருந்தான். கோயில் மணி நின்னு ரொம்ப நேரமாச்சு. அவனுக்கு இன்னும் நிக்கல.

"நீங்க இங்கயா இருக்கீங்க, அக்கா?"

"மிர்யானா அவ அப்பாவுக்கு ஒரு பிடி மண்ணு போட வேண்டாமா? அடக்கம் முடியற வரைக்கும் இவன்கூட யாராவது இருங்கன்னு நேத்து வீடு வீடாக் கேட்டிருக்கா. முதல்ல உன்கிட்டதான் வந்தாளாம். உண்டியல் பிடிக்கணுமேன்னு சொன்னியாம். யாரும் வரலன்னு அடக்கத்துக்குப் புறப்பட்டு வந்தப்போதான் எனக்குத் தெரிஞ்சுது."

யகொதா படியிலயே நின்னா.

பெரினா குரலை இறக்கினா. "செருப்பைக் கழட்டிடு, அவனுக்குச் சத்தம் ஆகாது. ம், சூப்பை உள்ள கொண்டா. இந்த வீட்டுக்குள்ள நீ வந்ததே இல்லையாமே, பரவாயில்ல, வா."