நடுவுல ஒண்ணுதான்

கன்னத்துல வாங்குன அறையோட சூடு ஆறல. வீரய்யா கூலிக்காரங்க குடியிருக்கிற லயத்துக்கு வந்து தன் வீட்டுக் கதவ எட்டி ஒதைச்சான்.

சட்டியக் கட்டு, துணியக் கட்டு, பொழுது சாயறதுக்குள்ள தோட்டத்த விட்டுப் போகணும்னு பொண்டாட்டி வேலாயிகிட்ட கத்துனான்.

எல்லாம் அந்த டெலஸ்கோப்பால வந்த வினை. பங்களா முத்தத்துல வெச்சுக்கிட்டு, கண்ணாடித் தட்டு மாட்டி தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை வானத்தப் போட்டோ புடிப்பாரு. முட்டை மாதிரி நீளமா ஒரு வெளிச்சப் பொகை. இப்ப நாம நீள்வட்ட கேலக்ஸிங்கிறோமே, அதேதான். 1911ல அவங்களுக்கு அது வெறும் நெபுலா.

வானம் நகருமில்ல? அதோட குழாயும் நகரணும். அதுக்குத்தான் வீரய்யா. பக்கத்துச் சின்னக் குழாய்ல ரெண்டு சிலந்தி நூல் குறுக்கால போகும். அது சந்திக்கிற எடத்துலயே நெபுலாவோட நடுப்புள்ளிய நிறுத்திக்கிட்டு சக்கரத்தத் திருப்பணும். அப்புத்தளை மலைக் குளிர்ல ஏழு ராத்திரி திருப்புனான்.

இன்னிக்கு தொரை தட்டப் பாத்துட்டுக் குதிக்கிறாரு. நடுவுல ரெண்டு புள்ளியாம். ரெண்டு நெபுலா மோதி ஒண்ணாகி, நடு மட்டும் இன்னும் சேரலையாம். லண்டனுக்கு எழுதப் போறாராம். நானும் ரெண்டு பாத்தேன்னு வீரய்யா கைநாட்டு வெக்கணுமாம்.

ஒண்ணுதாங்க இருந்துச்சுன்னான். ஓரத்துல மங்கலா தொடங்கி, உள்ள போகப் போக வெளிச்சம் ஏறி, நட்டநடுவுல ஒரே புள்ளி. ரெண்டு இருந்தா எத நூல்ல நிறுத்தியிருப்பேன்னு கேட்டான்.

கூலிக்காரனுக்கு என்னடா தெரியும்னு விழுந்துச்சு அறை. கைநாட்டு வை, இல்ல கணக்க முடிச்சு பத்துச்சீட்ட வாங்கிட்டு வெளிய போ.

அறை பெருசில்ல. ஏழு ராத்திரி பாத்த கண்ண பொய்யின்னுட்டானே, அதான் பெருசு.

வேலாயி சட்டியக் கட்டல. பங்களாவுல கண்ணாடி தொடைக்கிறவ அவ. முந்தானைய முறுக்கிக்கிட்டே நின்னா.

"தொரைமாரெல்லாம் பாக்க வர்றாங்கன்னு சொன்னியேய்யா. நீ முழிச்சுக் கெடந்து எடுத்த தட்டாச்சே, கண்ணு பட்டுறக் கூடாதுன்னு ஈர்க்குச்சியால மை தொட்டு நடுவுல நான்தான் ஒரு பொட்டு வெச்சேன்."

தட்டுல வெளிச்சம் கருப்பாத்தான் விழும். தொரை கண்ட ரெண்டாவது புள்ளி அதான்.

இப்பவே ஓடிப் போய்ச் சொல்லலாம். தொரை மூஞ்சியில அறைஞ்ச மாதிரி சொல்லலாம்.

சொன்னா வேலாயி முதுகு கிழிஞ்சிரும்.

வீரய்யா பல்லக் கடிச்சுக்கிட்டு திரும்பவும் பங்களாவுக்கு ஏறுனான். தொரை முன்னால கட்டைவிரல நீட்டுனான்.

"ரெண்டுதாங்க தொரை."