இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு

மிக்ஸிக்குள் ஒரு பருப்புகூடக் கிடையாது. ஆனாலும் கலைமணி அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசினாள். கூடத்தில் மகள் வினோதினி உட்கார்ந்து ஷாப்பிங் லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் காதில் ஒரு வார்த்தை விழுந்தாலும் குடி முழுகிவிடும்.

"ஞாயித்துக்கெழம காலைல பதினோரு மணி. தி.நகர்ல நீ சொன்ன அதே கடை. ரெண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. சரிதான தம்பி?"

"சரிக்கா. அவுங்களும் பொடவ எடுக்க வந்த மாதிரியே வந்து நிப்பாங்க" என்றான் சென்னையிலிருந்து அவள் தம்பி மணவாளன். "ஆமா, என்னாக்கா அரைக்கிற? காது கிழியுது."

"ஒண்ணும் அரைக்கல. வெறும் மிக்ஸி. நீ வை, அப்பறம் பேசுறேன்."

விஷயம் இதுதான். வினோதினிக்கு இருபத்து மூன்று வயது. கடலூரில் பேங்க் வேலை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். பெண் பார்க்க வருகிறோம் என்று யார் சொல்லியனுப்பினாலும் அவளிடம் ஒரே பதில்தான்: "நான் போயிட்டா எங்கம்மாவுக்கு யாரு இருக்கா?" இப்படியே இரண்டு நல்ல வரன்கள் கைநழுவிப் போயின.

கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷம். அவர் பார்த்த தாலுகா ஆபீஸ் வேலை கலைமணிக்குக் கிடைத்தது; அதை வைத்து ஒற்றை ஆளாக மகளை ஆளாக்கிவிட்டாள். இப்போது தன்னாலேயே மகளின் கல்யாணம் தட்டிப்போகிறதே என்ற நினைப்புதான் அவளை அரித்தது.

அதனால் போன வாரம் மணவாளன் இந்த யோசனையைச் சொன்னதும் துள்ளிக் குதித்துவிட்டாள். ஷாப்பிங் என்று கூட்டிப் போவது. பெண்ணுக்கே தெரியாமல் பெண்ணைக் காட்டிவிடுவது! கோயில் பிராகாரத்தில் காட்டுகிறார்கள், கல்யாணப் பந்தியில் காட்டுகிறார்கள். ஜவுளிக் கடை மட்டும் ஆகாதா என்ன?

முகத்தை ஒன்றும் தெரியாதவள் மாதிரி வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அம்மா, பிளானக் கேளு" என்றாள் வினோதினி. "நாளைக்குக் காலைல அஞ்சு மணி பஸ்ஸு. மத்தியானச் சாப்பாடு மாமா வூட்ல. சாயங்காலம் பாண்டி பஜார்ல கம்மலு, செருப்பு. ஞாயித்துக்கெழம பொடவக் கடை."

கலைமணிக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மெல்ல வலையை வீசினாள். "அன்னைக்கு நீ அந்த அரக்குப் பட்டக் கட்டிக்கயேன்."

"பொடவ வாங்கப் போறதுக்குப் பட்டா? சுடிதார் போதும்மா" என்ற வினோதினி, கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். உள்ளே புத்தம்புது மயில்கழுத்து நிற ஜாக்கெட். "கடலூர்லயே குடுத்து ஒனக்குத் தச்சேன். அந்த அரக்குப் பட்டுக்கு மேட்சா இருக்கும். நீ அதத்தான் கட்டிக்கிட்டு வரணும்."

"எனக்கெதுக்குடி? ஒனக்கு ஒண்ணும் தைக்கலையா?"

"நான் எப்பிடி வந்தா என்னா?"

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண் வெளுத்த சுடிதாரில் நிற்க, பெற்றவள் மினுக்கிக்கொண்டு நின்றால் ஊர் சிரிக்காதா? கலைமணி நேரே சமையலறைக்கு ஓடி மிக்ஸியைத் தட்டிவிட்டுத் தம்பியைப் பிடித்தாள்.

"தம்பி, இவ சுடிதார்லதான் வருவேங்கிறா!"

"வரட்டுமேக்கா. அவுங்க அதெல்லாம் பாக்க மாட்டாங்க."

"ஒனக்கு என்னாடா தெரியும்?" சத்தத்துக்கு மேல் கத்தினாள் கலைமணி. "நானே எப்பிடிடா அவளப் பட்டுக் கட்ட வைக்கிறதுன்னு முழிச்சிக்கிட்டு இருக்கேன். பொண்ணு பாக்கத்தான் கூட்டிப் போறோம்னு மட்டும் தெரிஞ்சிதுன்னு வையி..."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மிக்ஸி நின்றுவிட்டது. கலைமணி நிற்கவில்லை.

"...பஸ்ஸே ஏற மாட்டா!"

பக்கத்து வீட்டு தைலம்மாள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சமையலறை வாசலில் வினோதினி நின்றுகொண்டிருந்தாள்.

வினோதினி பக்கத்தில் வந்து போனை வாங்கினாள். "மாமா, எல்லாம் கேட்டுட்டேன். நீங்க வைங்க" என்றாள். அந்தப் பக்கம் மணவாளன் சிரிப்பது கலைமணிக்கே கேட்டது. சிரிக்கிற நேரமா இது என்று பற்றிக்கொண்டு வந்தது.

"கோவப்படாதடி கண்ணு" என்று கெஞ்சினாள். "ரொம்ப நல்ல மனுஷராம். பொண்ணு எங்கயும் போவ வேணாம், நானே இந்த ஊருக்கு மாத்தல் வாங்கிட்டு வந்துடுறேன்னு சொல்றாராம். ஒரே ஒரு தடவ பாக்கட்டும். புடிக்கலன்னா வேணாம்னுடலாம்."

"புடிக்கலன்னா கட்டாயம் கெடையாதே?"

"கெடையாதுடி."

"சத்தியமா?"

"எங்க தில்லக்காளி மேல சத்தியமா!"

வினோதினி சிரித்துக்கொண்டே அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் மட்டும் ஏனோ கலங்கியிருந்தது.

"அப்ப ஒனக்கும் அதே சத்தியந்தாம்மா. அவுரு பாக்க வர்றது ஒன்னத்தான்."