பிலோமினா கொடுத்த கைக்குட்டை

ஜாஸ், ஃபங்க், சினிமா, சர்ச் கொயர் என்று நாற்பது வருஷம் எதைக் கேட்டாலும் டிரம்ஸ் வாசித்தவன் நான். ஆனால் ஜனத்துக்கு என்னைத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டின் டிரம்ஸ் அடியால்தான். அதை வாசித்தவன் என் சிநேகிதன், இன்னொரு டிரம்மர் ரொசாரியோ. ரெக்கார்டிங் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், ஸ்டூடியோ பக்கமே போகவில்லை. இசைத்தட்டு உறையில் தவறுதலாக என் பேர் வந்துவிட்டது. அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நானும் யாரிடமும் இல்லையென்று சொன்னதில்லை.

ரொசாரியோ செத்த முப்பதாம் நாள், சர்ச் ஹாலில் கூட்டம். அவன் பெண்சாதி பிலோமினா என்னைக் கூப்பிட்டபோதே சந்தேகப்பட்டேன். அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?

“அந்தப் பாட்ட வாசிங்கண்ணே. அவருக்கு அது உசுரு,” என்றாள்.

“போடுங்க மாஸ்டர், ரொசாரியோவே எந்திரிச்சு வரட்டும்!” என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தேன். பிலோமினா ஒரு மடித்த கைக்குட்டையை என் கையில் வைத்தாள். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. முகம், கழுத்தெல்லாம் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

“சத்தம் அமுங்கி வரணும்னு ரெக்கார்டிங் அன்னிக்கு நீங்க டிரம் மேல போட்டு அடிச்ச கைக்குட்டைன்னு சொல்லித்தானண்ணே, அவரு சாகுறவரைக்கும் இதப் பத்திரமா வச்சிருந்தாரு,” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பிறகு அதை என்னிடமே நீட்டினாள்.

“எந்த எடத்துல போட்டீங்க?”

டிரம்மைப் பார்த்தேன். வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.