கழுத்தில் தங்கம் கூடாது

"தாலியைக் கழட்டி டப்பாவுல போட்டுட்டு அப்படியென்ன வேலை? இன்னைக்கே விட்டுடு!"

பெங்களூரு பொம்மனஹள்ளி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் துரத்தி வந்து, என் ஆபீஸ் வாசலிலேயே கத்தினான் என் கணவன் தனஞ்செயன்.

"லேசர் லேப்ங்க. தங்கத்துல பட்டுத் தெறிச்சா கண்ணு போயிடும்னு எத்தனை தடவை சொல்றது?"

"உன் மேடத்தைக் கூப்பிடு. அவங்க வாயால சொல்லட்டும்."

எங்கள் வீட்டின் முதல் டிகிரி என்னுடையது. அதை வைத்து வாங்கிய வேலை இப்போது மேடத்தின் வாயில் தொங்கியது.

வெள்ளைக் கோட்டோடு வந்த வீணா மேடம் கன்னடத்தில் கேட்டார். "ஏனம்மா இது கலாட்டே?"

அவன் கேட்டான். மேடம் என்னை ஒருமுறை பார்த்தார்.

"தாலி, செயின் எதுவும் உள்ளே கூடாது சார். ரூல். இவ கண்ணு போனா நீங்களா பதில் சொல்வீங்க?"

முனகிக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினான்.

எங்கள் லேபில் ஒளி ஃபைபர் இழைக்குள்ளேயேதான் ஓடும். வெளியே வரவே வராது. அப்படியொரு ரூலே கிடையாது. அந்தக் கதவுக்குள் இருக்கும்போதாவது கழுத்து என்னுடையதாக இருக்கட்டும் என்று நான் கட்டிவிட்ட பொய் அது.

"மேடம், அந்த ரூல்..."

"உள்ள வா." தன் மேஜை டிராயரைத் திறந்தார். "டப்பா எதுக்கு? இனிமே இதுல வை."

அதில் ஏற்கெனவே ஒரு கருகமணித் தாலி கிடந்தது.