விலை குறையட்டும்

ஃப்ரேம் போட்டுக் கொடுக்கும் ஒரு ஸ்டுடியோவில், கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு இருந்தன. பெரியது புதுசு, விலை அதிகம். சின்னது யாரோ வைத்திருந்து விற்றது.

இசக்கியப்பன் மாதாமாதம் வருவார். "அம்மா சிரிச்சா அவ்வளவு அழகுண்ணே. அதை வீடியோ எடுத்து வைக்கணும்" என்பார். கையிலிருந்த காசுக்குச் சின்னது கிடைக்கும். ஆனால் பெரியதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"எடுக்கிறதுதான் எடுக்கிறோம், நல்லதா எடுப்போம். தீபாவளிக்கு விலை குறையட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"என்கிட்டயும் சிரிப்பு அப்படியேதான் பதியும்" என்றது சின்னது.

"அவருக்கு ஆசை என் மேலதான்" என்றது பெரியது.

தீபாவளிக்கு விலை குறைந்தது. அவர் வரவில்லை. கார்த்திகையில் மொட்டைத் தலையோடு வந்தார். கேமராக்கள் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைப் பையிலிருந்து அம்மாவின் வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"இந்தப் படத்தைப் பெருசு பண்ணி ஃப்ரேம் போட்டுத் தாங்கண்ணே. பதினாறாம் நாளுக்கு வேணும்."

கடைக்காரர் அட்டையை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்தார். பெரியது அண்ணாந்து பார்த்தது.

"இதுல அவங்க சிரிக்கவே இல்லையே" என்றது.